திண்டுக்கல் தேர்ந்தெடுத்த அம்மையார்

 

பிழைப்பை நாடிக் கணவாய் கடந்து வந்த நாம், இம்மண் ஈன்ற ஒரு பெண்மணியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். பாலக்காட்டு மாவட்டத்து ஆனக்கரையில் 1894இல் பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். பள்ளி சென்று பயின்றவரல்லர். இருபது ஆண்டுக்கு மேல் மூத்தவரான வழக்கறிஞர் சுவாமிநாதன் மணம் பேச வந்தபோது, சென்னையில் குடியிருத்தல் வேண்டும், ஆங்கிலம் கற்பித்தல் வேண்டும், வீடு திரும்பும் நேரத்தை எவரும் வினவலாகாது என நிபந்தனை விதித்தாராம். அப்போது அவருக்கு வயது பதினான்களவே!

1942 போராட்டத்தில் சிறை புகுந்தார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த 15 பெண்டிருள் ஒருவரானார். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நூலாக இருக்குமென்று எண்ணிய அரசியல் சட்டம் இத்துணைப் பெரிதாயிற்றே என்று 1949 நவம்பரில் அச்சபையிலேயே குறைபட்டார். விதிநூல்களுக்கிடையே காலங்கழிக்கும் இரயில்வே எழுத்தர்களாகிய நமக்கு அக்குறை நன்கு விளங்கும்.

1952 பொதுத்தேர்தலில் திண்டுக்கல் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். மலபாரும் திண்டுக்கல்லும் ஒரே மாநிலமாயிருந்த காலம் அது; எல்லை 1956இல்தான் வந்தது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரென்று தமிழர் அவரை ஒதுக்கவில்லை. நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமி அவர்தம் மகளே.

நம் செயற்குழுவிலோ இன்றளவும் தாய்மார் ஒருவரேனும் இல்லை. பிற்பகல் நடைபெறும் பொதுக்குழுவில் இருவர் பெயரை முன்மொழிகிறோம். வழிமொழிய அன்பர்களை வேண்டுகிறோம். செயற்குழு இரவு ஒன்பது மணிக்கு முன் முடிவதில்லை. திரும்பும் நேரத்தை வினவாதிருத்தல் கணவன்மார் பொறுப்பு.