மலைப்பாதையில் நம் பிள்ளைகள் ஓடட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் உடற்கல்வி ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"கல்லூரி நினைவுகள்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். நினைவுகளைச் சுவையாகச் சொல்ல இந்த மண்டபத்தில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் ஓட்டம். ஆகவே நம் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் தேயிலை மலைகளிலும் ஓடுவதைப் பற்றிப் பேசுகிறேன். கடைசியில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைப்பேன். அதுவரை பொறுமையாக இருங்கள்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் தோழிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சுவிற்சர்லாந்தில் சென் மொறிற்ஸ் என்றொரு ஊர். ஏரி, காடு, மலை எல்லாம் உண்டு. உலகத்தின் பெரிய ஓட்ட வீரர்கள் அங்கே போய் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்கிறார்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நுவரெலியா 1868 மீற்றர். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய 80 வீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைவதால், அதை ஈடுசெய்ய உடம்பு நாளடைவில் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அதற்காகத்தான் அவர்கள் இவ்வளவு செலவழித்து மலை ஏறுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்கிறார்கள்.

ஓடுவதற்கு இடமும் நமக்குக் குறைவில்லை. கிரகரி ஏரி 1873இல், தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. கரை பெரும்பாலும் சமமாக இருப்பதால் ஓட்டம் பழகுகிறவர்களுக்கு அதுதான் முதல் இடம். ஊருக்கு அருகில் கல்வேஸ் லேண்ட் இருக்கிறது. 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சின்னக் காடு அது. முப்பது ஹெக்டேயர்கூட இல்லை. வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் காடு என்பதால் அங்கே ஓடாமல், ஓட்டம் முடிந்தபின் மெதுவாக நடந்து வாருங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியையும் நடக்கிற இடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் சேர்கிற மேட்டுநிலம் அது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட்டால் பள்ளத்தாக்கு தெரியும். பிந்தினால் பெரும்பாலும் மூடுபனிதான். பாதையை விட்டு இறங்கக் கூடாது, பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது.

ஹட்டன் பக்கத்துத் தோழிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம், உங்களிடம் வருகிறேன். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை ஒட்டிப் போகும் தோட்டப் பாதைகளைப் போல் ஓடுவதற்கு இன்பமான பாதைகள் சிலவே உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கொழுந்து, எதிரே சிவனொளிபாதமலை. மவுசாகலையில் ஓடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களில் அணை கட்டியபோது ஊர் இடம்பெயர்ந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டுத் தலங்கள் வெளியே தெரியும். அம்மாமார் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

இப்போது பீக்கோ ட்ரெயில் என்ற நெடும்பாதையும் வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, கலஹா, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். வெளிநாட்டார் அதில் நடக்கவும் ஓடவும் வருகிறார்கள். வரட்டும், நம் ஊர்க் கடைகளுக்கும் நல்லது.

ஆனால் அந்தப் பாதைகள் எப்படி உண்டாயின? பெரும்பாலானவை கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டப்பட்ட தோட்டப் பாதைகள். 1820களிலிருந்து நம் மூதாதையர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர். பிழைத்து வந்தவர்கள் காட்டை அழித்தார்கள், கான் வெட்டினார்கள், பாதை போட்டார்கள். லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு, அங்கிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு என்று கூடை சுமந்த பெண்களின் கால்கள் இந்தக் குறுக்குப் பாதைகளைத் தேய்த்து வைத்திருக்கின்றன. இன்றைக்கும் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது அந்த வழியில்தான். அப்படியிருக்க, சுமையில்லாமல், அவசரமில்லாமல், தன் விருப்பத்துக்காக அந்தப் பாதையில் ஓடுகிற நம் பெண்ணை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். இதுதான் என் கவலை.

நான் கற்பித்த காலமெல்லாம் ஒன்றைக் கண்டேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் மான்குட்டி மாதிரி ஓடுவார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க முண்டியடிப்பார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஒருத்தி, இரண்டு பேர் என்று பின்வாங்குவார்கள். "பெரிய பிள்ளையாகிவிட்டாள் டீச்சர், இனி என்னத்துக்கு?" என்பார் அம்மா. டியூசன் என்பார் அப்பா. பிள்ளையைத் தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும்: சப்பாத்து இல்லை, உள்ளாடை சரியில்லை, மாதவிடாய் நாட்களில் பயம், சந்தியில் நிற்கிற பையன்களின் பேச்சு. இவற்றில் ஒன்றுகூட நம்மால் தீர்க்க முடியாததல்ல.

பெண்ணின் உடம்பு தாங்காது என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. நம் சங்கம் பிறந்த அதே பத்தாண்டில், 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில், பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்திருந்ததைக் காரணம் காட்டி அந்தப் போட்டியையே நீக்கினார்கள். அது திரும்ப வர 1960 ஆயிற்று. பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் கிடைத்தது 1984இல்தான். 2000ஆம் ஆண்டு சிட்னியில், கேகாலை மாவட்டத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பதக்கம் வென்றபோது நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டாட்டம். அந்தச் சந்தோஷம் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்தாக மாறியதா என்று கேட்டுப் பாருங்கள்.

உபதேசம் போதும். ஓட விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் காரியங்கள். இதில் வயது வித்தியாசமில்லை, அறுபது கடந்த அக்காமாருக்கும் சேர்த்துத்தான்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவுடன் ஓடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நடந்து பழகுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வசனம் முழுதாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. ஏற்றத்தில் அடியைக் குறுக்கி வையுங்கள். நடந்தாலும் வெட்கமில்லை. இறக்கத்தில்தான் முழங்கால் கெடும், அங்கேதான் நிதானம் வேண்டும். இருதய நோய், பிரசர் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்ரெம்பர் வரை அடைமழை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கனமழைக்குப் பிறகு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் மலைச்சரிவுப் பாதைக்குப் போக வேண்டாம். அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் தள்ளிவிடுங்கள். குளவி விளையாட்டல்ல, மலையில் வேலை செய்யும் நம் பெண்கள் குளவி கொட்டி உயிரிழந்திருக்கிறார்கள். கூடு இருக்கிறது என்று தொழிலாளர் சொன்னால் அந்த வழியை விட்டுவிடுங்கள். தேயிலை மலைகளில் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் உலாவுவதுண்டு. ஆகவே இருட்டோடு ஓடாதீர்கள், தனியாகவும் ஓடாதீர்கள்.

இன்னொன்று. இரும்புச்சத்துக் குறைவு நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. "ஓடினால் தலை சுற்றுகிறது" என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல் இரத்தம் பரிசோதியுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நாம் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

இனி என் கோரிக்கை. நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம், மணிக்கூட்டுக் கோபுரம் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதோடு ஒரு சனிக்கிழமை ஓட்டத்தையும் தொடங்குங்கள். காலை ஆறரை மணிக்கு மாணவிகள் கூட்டமாக ஓட வேண்டும். ஒவ்வொரு வாரமும் பழைய மாணவிகள் இருவர் கூடப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஓடுகிற பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை ஓட வேண்டும் என்பதே நோக்கம். பதக்கம் வந்தால் வரட்டும். விளையாட்டறையில் ஓர் அலுமாரி வையுங்கள். அதில் எல்லா அளவிலும் சப்பாத்து, ஓட்டத்துக்கேற்ற உள்ளாடை, நீளக் காற்சட்டை, சுகாதாரத் துவாய் இருக்கட்டும். தேவையானதைப் பிள்ளை எவரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு அம்மாமாரை அழைத்துப் பேசுங்கள். வகுப்பில் நின்று அறிவித்தால் போதாது, லயத்துக்குப் போய்ப் பேச வேண்டும். அதற்கு நான் வருகிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் சூரிச்சிலும் இருக்கும் தங்கைமாரே, ஏப்ரல் வசந்த காலத்தில் ஊருக்கு வரும்போது எங்களுக்குச் சொக்கலேற் கொண்டுவராதீர்கள். இரண்டு சோடி ஓட்டச் சப்பாத்துக் கொண்டுவாருங்கள். ஒன்று அலுமாரிக்கு, மற்றது உங்கள் காலுக்கு. வருகிற சனிக்கிழமையே தொடங்குவதாக அதிபர் அவர்கள் மேடையிலேயே தலையசைத்திருக்கிறார். ஆறரை மணிக்கு வாசலில் நிற்பேன். இரண்டு பேர் பெயர் தர வேண்டும். யார் முதலில்?