நின்றுபோன வாகனமும் அதன் ஏசியும்
(ஹந்தானையில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டத்தில் வாகனத் திருத்துநர் ஒருவர் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்தில் மண் சரிந்தபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். வாகனங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இப்போது திரும்பி வந்து வானை ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் ஓடுகிறது, ஏசி குளிரவில்லை. "இந்தக் குளிர் ஊரில் ஏசி எதற்கு?" என்று ஒரு ஐயா சற்றுமுன் கேட்டார். ஹந்தானை வீதியில் மழையும் மூடுபனியும் இறங்கும்போது, வானுக்குள் இருக்கும் பிள்ளைகளின் மூச்சும் நனைந்த உடுப்பும் முன் கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுவதால்தான் கண்ணாடி தெளிகிறது. ஒரு கையால் துணி பிடித்துத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளைவு திருப்புவது எப்படிப்பட்ட வேலை என்று பாடசாலை வான் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. புளோவரைப் போடுவதற்கு முன் டேஷ்போர்ட்டுக்குள் இருக்கும் காற்று ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வாகனத்தில் எலி கூடு கட்டியிருக்கும், வயரையும் கடித்திருக்கும். பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால் சாதாரண குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்து பிரஷர் தண்ணீரை நேரே அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும்.

இதற்குப் பிறகும் குளிரவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். கம்பிரசரின் ஒயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. வாகனம் ஓடாமல் நின்றால் அச்சுச் சீல் காய்ந்து கேஸ் மெல்ல மெல்லக் கசியும். கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்பிரசரை ஓடவிடாது. அது பழுதல்ல, பாதுகாப்பு. ஒயில் சுற்றாமல் ஓடினால் கம்பிரசர் இறுகிவிடும் என்பதற்காக வைத்தது. அந்த சுவிட்சுக்கு நேரடியாக வயர் போட்டு ஓடவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நானும் தொழில் தொடங்கிய காலத்தில் கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு கிழமையில் அதே ஆள் அதே வானோடு வந்து நின்றார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஏசி குழாயில் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மூட்டுகளில் ஒயில் பட்டுத் தூசி ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கசிவை அடைத்த பிறகு வக்கூம் பம்ப் குறைந்தது அரை மணித்தியாலம் ஓட வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் அந்த வெற்றிடத்தில் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். அது தங்கினால் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். குழாய் நெடுநாள் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுங்கள். இங்கே தம்பிமாருக்கு ஒன்று. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் சாதாரண கேஜில் முள் 28 அங்குலம் அளவில்தான் நிற்கும், 30க்கு வராது. அதைப் பார்த்துப் பம்ப் பழுது என்று நினைத்து நல்ல பம்பை விற்றவர்களும் உண்டு. பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

கேஸை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய காருக்கு 400, 500 கிராம் போதும். பின்னாலும் ஏசி உள்ள பெரிய வானுக்கு ஒரு கிலோ வரை போகும். கூட ஏற்றினால் குளிர் குறையுமே தவிரக் கூடாது. பெரும்பாலான வாகனங்களுக்கு ஆர் 134ஏ. பழைய ஆர் 12 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் 2010 ஜனவரியோடு நம்மைப் போன்ற நாடுகளிலும் நிறுத்தப்பட்டது. 134ஏ ஓசோனுக்குக் கெடுதல் இல்லை என்றாலும் கரியமில வாயுவைவிட 1430 மடங்கு சூடேற்றும். அதனால் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினால் சேகரிக்கும் கராஜைத் தேடுங்கள். கேஸ் கையில் பட்டால் தோல் உறையும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலிவு என்று சமையல் கேஸை ஏற்ற விடாதீர்கள். அது தீப்பிடிக்கும், கசிந்தால் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள்தான் வரும். அடுத்தது, அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனம். அவற்றின் கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது. மற்ற கார்களுக்கு ஊற்றும் பேக் ஒயிலை அதில் ஊற்றினால் மின்சாரம் கசியும். செம்மஞ்சள் நிற வயரைப் பழக்கமில்லாதவர் தொடவே கூடாது.

கராஜில் நின்று தொழில் பழகியும் சான்றிதழ் இல்லாத தம்பிமார் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகாட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற நைட்டா மூலம் வழி இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போகாமல் நில்லுங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம். வான் கொண்டுவந்தவர்கள் பொனட்டைத் திறந்து வையுங்கள், ஸ்டிக்கரை வாசித்துக் காட்டுகிறேன்.