நின்றுபோன பலம்: பளுவைக் கூட்டுவதா, ஓய்வைக் கூட்டுவதா?



"முதல் மூன்று மாதம் பளு ஏறிக்கொண்டே போனது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. இனி உடற்பயிற்சி மையத்துக்குப் போய் என்ன பயன்?" பலர் பயிற்சியைக் கைவிடுவது இந்தக் கேள்வியோடுதான். கேள்வி நியாயமானது, முடிவுதான் தவறானது.

கிரேக்க மல்லன் மிலோ ஒரு கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்தது என்பது பழங்கதை. கதை அழகானது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து 40 கிலோ தூக்குபவர் வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டினால் ஓராண்டில் 170 கிலோ, ஐந்தாண்டில் 690 கிலோ! எந்த மனித உடலுக்கும் இயலாத காரியம். ஆகவே, முன்னேற்றம் தளர்வது குறையன்று, உடலின் இயல்பு.

தொடக்கத்தில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, தசையை இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. அந்தப் பாடம் முடிந்தபின் தசையே வளர வேண்டும். அது மெதுவான வேலை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பளு ஏறவில்லை என்றதும் பயிற்சியை இரட்டிப்பாக்குகிறார்கள். அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், காயமுற்ற போர்வீரர்களுக்குப் பளுவைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945இல் வெளியிட்டார். தொடக்கத்தில் 70 முதல் 100 முறை தூக்கச் சொன்ன அவரே, 1948இல் அது அதிகம் எனக் கண்டு 20 முதல் 30 முறையாகக் குறைத்தார். முறையை வகுத்தவரே குறைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

எனவே பளு நின்றுவிட்டால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். இரவு ஒரு மணி வரை மாமாக் கடையில் அமர்ந்துவிட்டுக் காலையில் பலத்தைத் தேடினால் கிடைக்காது. அடுத்து உணவு. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு முட்டையும் என்றால், அந்த முட்டையில் உள்ள புரதம் சுமார் 6 கிராம்தான். பருப்பு, மீன், கோழி, தவ்பூ கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், ஒரு வாரம் பளுவைக் குறைத்து உடலை ஆறவிடுங்கள். பிறகு, அதே பளுவை ஒருமுறை கூடுதலாகத் தூக்கப் பாருங்கள். அதுவும் முன்னேற்றமே. ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

நின்றுவிட்டதே என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் முதியோர் காப்பகம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ஆய்வு 1990இல் வெளியானது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் 32 விழுக்காடு பலம் போய்விட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அந்த வயதில் பலம் என்பது பிறர் கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுவது. குளியலறையில் விழாமல் இருப்பது. ஏறாமல் நிற்கும் பளுவும் அந்த நாளுக்கான சேமிப்புதான். ஏறவில்லை என்பதற்காக இருப்பதைத் தொலைத்துவிடாதீர்கள்.