சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவும் நம் பண்பாடும் என்னும் தலைப்பில் பேசும்படி தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் என் கையில் உள்ளது. கணினி படித்தவர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே என்று முதலில் தயங்கினேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் கணினி படித்தவர் அல்லர். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டியம்மா. அதைச் சொல்லலாம் என்ற துணிவில்தான் இங்கு வந்து நிற்கிறேன்.

இவ்வாண்டு என் வகுப்பு மாணவர்களுக்கு "என் பாட்டி" என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். வீட்டில் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். ஒரு பிழை இல்லை. காவிரிக் கரையில் பாட்டி குடம் எடுத்து நடக்கிறார். வயலில் நெற்கதிர் அசைகிறது. மாட்டு வண்டியில் சலங்கை ஒலிக்கிறது. வாசலில் அரிசி மாக்கோலம் போடுகிறார். படித்து உருகிப் போனேன். வகுப்பிலேயே அதிகமான மதிப்பெண்ணை அவனுக்குக் கொடுத்தேன். எல்லாரும் கேட்கும்படி உரக்க வாசித்தும் காட்டினேன்.

அடுத்த வாரம் பள்ளியில் கூட்டுப்பணி நடந்தது. பேரனை அழைத்துப் போக அந்தப் பாட்டியம்மா வந்திருந்தார். "உட்காருங்க பாட்டி, உங்க பேரன் உங்களப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாருங்க" என்று பெருமையோடு எடுத்து வாசித்தேன். அவர் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது யாரு டீச்சரம்மா?" என்றார்.

"நீங்கதான் பாட்டி" என்றேன்.

"நா இல்ல டீச்சரம்மா. காவேரிய நா பாத்ததே இல்ல. நா பொறந்தது லயத்துல. நாப்பது வருசம் கித்தா மரம் வெட்டுனேன். இது வேற யாரோ நல்ல பாட்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவின் கைப்பேசியில் கேட்டு, வந்ததைப் பார்த்து எழுதினேன் என்று ஒப்புக்கொண்டான். அவனை நான் ஏசவில்லை. ஏச எனக்கு முகமில்லை. அவன் பாட்டியை எனக்குத் தெரியும். தினமும் கேட்டுக்கு அருகே வந்து நிற்பவர். அவருக்கும் அந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை என்பது வாசித்த மறு நிமிடமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பிழையை எண்ணினேனே ஒழிய, ஆளைத் தேடவில்லை.

பெரியோர்களே, அந்தக் கைப்பேசி ஏன் காவிரிக்குப் போயிற்று? ஏன் நம் லயத்துக்கு வரவில்லை? இதை விளங்கிக்கொள்ளப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். நம் வீட்டுப் பழமொழி போதும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

சாட்ஜிபிடி என்னும் செயலி 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதைப்போலப் பல இப்போது உள்ளன. இவற்றைச் செய்தவர்கள் மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களை இயந்திரத்துக்குக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள்தாம் சட்டி. நாம் கேள்வி கேட்கும்போது அகப்பையில் வருவது அந்தச் சட்டியில் இருப்பது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத் தமிழிலும் தமிழகத்து ஆறும் வயலும்தான் அதிகம். ஈப்போவைச் சுற்றியிருந்த கித்தா தோட்டங்களில் ஒரு பாட்டி எப்படி வாழ்ந்தார் என்பதை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். ஆகவே பாட்டி என்று கேட்டால் காவிரிப் பாட்டிதான் வருவார். இல்லாததைக் கேட்டாலும் அது பெரும்பாலும் கையை விரிப்பதில்லை. இருப்பதை வைத்து ஒன்றைச் செய்து, உண்மைபோலவே நீட்டிவிடும்.

அப்படியானால் நம்மிடம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் கேட்கிறோம். பசி ஆறுவது என்பது எல்லாத் தமிழருக்கும் பொதுவான சொல்தான். அதையே காலைச் சாப்பாட்டுக்குப் பெயராக்கி வைத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம். ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைக் காதால் கேட்டுக் கித்தா என்றார்கள். வெள்ளைக்காரன் பரேட் என்றதைப் பெரட்டு ஆக்கினார்கள். பால் பிடிக்கும் கோப்பை மங்கு ஆயிற்று. வாளி தொங்கும் தோள்கழி காண்டா ஆயிற்று. பள்ளிக்கூட வாசலையே பாராதவர்கள் என்று நாம் சொல்லும் நம் முன்னோர், மூன்று மொழிகளைப் பிசைந்து தங்கள் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். இதற்குப் பெயர்தான் படைப்பாற்றல்.

பாட்டும் அப்படித்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த தாலாட்டில் கப்பலும் கங்காணியும் வந்து சேர்ந்தார்கள். ஒப்பாரியில் கடல் தாண்டிய துயரம் சேர்ந்தது. யாரும் காகிதத்தில் எழுதவில்லை. ஆயாக் கொட்டகையிலும் நிரையிலும் வாய்க்கு வாய் மாறிப் போயின. பாடியவர்கள் இறந்தபோது பாட்டும் கூடவே போயிற்று. முத்தம்மாள் பழனிசாமி அம்மையார் போன்ற சிலர் தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையையும் அவர் "நாடு விட்டு நாடு" என்ற நூலாக எழுதி வைத்தார். அப்படி எழுதப்பட்டவை நின்றன. எழுதப்படாதவை போயின.

சரி. ஒரு தகப்பனார் என்னிடம் நேராகவே கேட்டார்: "டீச்சர், இனிமே எல்லாத்தையும் மிஷினே எழுதிடுமாமே. புள்ள எதுக்குக் கஷ்டப்பட்டுக் கட்டுரை எழுதணும்?" நியாயமான கேள்வி. இதற்கு நம் தோட்டத்து வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

இயற்கைக்கு எதிரே செயற்கை வந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. 1876-இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் லண்டனுக்கு அருகே கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த கன்றுகளில் ஒன்பதை 1877-இல் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அன்று நட்டவற்றில் ஒரு மரம் அந்த ஊரில் இன்னும் நிற்கிறது. பிறகு ரிட்லி என்னும் தாவர ஆராய்ச்சியாளர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அந்தப் பாலை எடுத்தவை நம் பாட்டன் பாட்டிமார் கைகள். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது அமெரிக்காவுக்குப் போதிய ரப்பர் கிடைக்கவில்லை. உடனே எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பரை மலைமலையாகச் செய்தார்கள்.

போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. இயற்கை ரப்பரின் விலையை அது அமுக்கியது. பல தோட்டங்களில் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே செயற்கை வந்தால் நமக்கொன்றும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதையும் கேளுங்கள். இன்றும் ஆகாய விமானத்தின் டயருக்கு இயற்கை ரப்பர்தான் பெரிதும் வேண்டும். அவ்வளவு பாரத்தோடு தரையில் இறங்கும்போது சூட்டையும் இழுப்பையும் தாங்க மரத்துப் பால்தான் ஏற்றது. செயற்கைக்கு உரிய வேலை ஒன்று. இயற்கைக்கு உரிய வேலை வேறொன்று.

ஒரு மனு எழுத வேண்டுமா, ஒரு மலாய்க் கடிதத்தின் பொருள் தெரிய வேண்டுமா, இயந்திரத்தைக் கேளுங்கள். அது நல்ல உதவி. ஆனால் உன் பாட்டி யார் என்ற கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. செயற்கை ரப்பருக்கு நம் மரம் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுக்கோ மனிதர் எழுதிய எழுத்துத்தான் பால். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டால், பழைய பாலையே திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியதுதான்.

இயந்திரத்தைப் பகையாக நினைக்கவும் வேண்டாம். நம் நாட்டிலேயே ஒரு தகப்பனாரையும் மகனாரையும் பாருங்கள். தகப்பனார் முரசு நெடுமாறன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கவிஞர். இந்த நாட்டுத் தமிழ்க் கவிதைகளைப் பல்லாண்டு அலைந்து சேர்த்து, 1997-இல் "மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்" என்ற பெருநூலாக வெளியிட்டார். மகனார் முத்து நெடுமாறன் 1985-இலேயே கணினியில் தமிழ் எழுதுவதற்கு முரசு என்னும் மென்பொருளைச் செய்தார். அவர் வடித்த தமிழ் எழுத்துகள் இன்று உலகெங்கும் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தெரிகின்றன. ஒருவர் சட்டியை நிறைத்தார். ஒருவர் அகப்பையைச் செய்தார். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன.

நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறுசிறு தொகையாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். காசைச் சேர்த்தது போலவே கதையையும் சேர்க்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, பெற்றோர்களுக்கு. வாரத்தில் ஒரு நாள் இரவு, தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "நம்ம கதையில என்ன இருக்கு" என்று சொல்லாதீர்கள். இரண்டாவது, மாணவர்களுக்கு. முதலில் நீயே எழுது. பிழையோடு எழுது. எழுதி முடித்த பிறகு வேண்டுமானால் எழுத்துப்பிழை பார்க்க இயந்திரத்தைக் கேள். பிழையைத் திருத்த அதனால் முடியும். உன் பாட்டியைத் திருத்த விடாதே. மூன்றாவது, என்னையும் சேர்த்து ஆசிரியர்களுக்கு. பிழையில்லாத பக்கத்தைக் கண்டு மயங்காமல், அதில் பிள்ளை இருக்கிறானா என்று பார்த்து மதிப்பெண் போடுவோம்.

அந்த மாணவனை மறுநாள் அழைத்து, பாட்டியிடமே கேட்டு எழுதி வா என்றேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. ஒற்று மிகுந்த இடத்தில் இல்லை; இல்லாத இடத்தில் இருந்தது. அவன் அனுமதியோடு, பிழையை மட்டும் திருத்தி, அதில் கொஞ்சம் வாசிக்கிறேன்.

"பாட்டி காலை 4 மணிக்கு எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் சம்பளம் இல்லை. அதனால் பாட்டிக்கு மழை பிடிக்காது. அப்பாவுக்கு மழை பிடிக்கும். மழை பெய்தால்தான் பாட்டி வீட்டில் இருப்பார்."

இங்கே அமர்ந்திருக்கும் பல பேருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. லயத்துக் கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். தாய்க்குக் கவலையாக இருந்த அதே மழை பிள்ளைக்கு ஆசையாக இருந்தது. இதை எந்தச் சட்டியிலிருந்தும் அவன் எடுக்கவில்லை. அப்பாவும் பாட்டியும் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினான். நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்த மழையைப் பற்றி அவன் அப்பாவும் பாட்டியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்களாம்.

இன்றைய பரிசுப் பட்டியலில் அந்த மாணவனின் பெயர் இல்லை. மதிப்பெண் அட்டையைப் பார்த்துத்தான் பட்டியல் தயாரித்தோம். அந்த அட்டையில் முதல் கட்டுரையின் மதிப்பெண்ணை நானே அடித்துவிட்டேன். இரண்டாவதற்கு எப்படிப் போடுவது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அது என் குறை. அடுத்த ஆண்டு முதல் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் கட்டுரைக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் பரிசுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.