ஓடாத லைனில் ஒரு நடை
(ஹெப்பாள் தொழிற்பேட்டைத் தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

ரயில் ஓடும் பாதையைப் பற்றிப் பேசியே பழகியவர்கள் நாங்கள். இன்று ரயில் ஓடாத பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சம்பளம் பேச வேண்டிய மேடையில் நடைபாதைப் பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும், பொறுத்துக் கேட்கட்டும்.

எங்கள் சங்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஒரு விபத்தில் காலை இழந்தவர். மூன்று சக்கர வண்டியில்தான் நடமாட்டம். சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போனோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வாசலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். கட்டியவர் எதைக் கண்டு கட்டினாரோ! ஐந்தடி போவதற்குள் ஓரடி ஏறுகிறது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினோம். "என்னை ஏற்றுகிறீர்களா, மூட்டையை ஏற்றுகிறீர்களா தம்பி?" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாய்தளத்துக்கு அரசு வகுத்த அளவு என்ன? 12 அடிக்கு ஓரடி. இதையும் ரயில்வேக்காரன் கண்ணால் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி ரயிலுக்கு மிகக் கடுமையான ஏற்றமே ஏறக்குறைய அவ்வளவுதான், 12.28-க்கு 1. அதற்கே பல்சக்கரம் கோர்த்து எஞ்சின் ஏறுகிறது! சமவெளி லைனிலோ 100-க்கு 1 என்றாலே பாரவண்டி மூச்சு வாங்கும். ஆகவே ரயில் போன மண்கரை எதுவானாலும் சக்கர நாற்காலிக்கென்றே சமன் செய்து வைத்த பாதை போன்றது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, அந்தச் சமத்தைக் கொண்டுவந்தவன் யார்? கூடை சுமந்த கூலி.

சென்ற ஆண்டு எங்களில் இருவர் உறவினர் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தோம். அங்கே தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், மலேயா ரயில் ஓடிய பாதை. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். ரயில் நின்றதும் நிலத்துக்கு என்ன விலை தெரியுமா, அந்த ஊரில்? கட்டடம் கட்ட ஆசைப்படாதவர்கள் இருப்பார்களா? ஆனால் அதற்கு முன்பே, 2010-லேயே, அங்குள்ள இயற்கைச் சங்கத்தார் "இதை அறுக்காமல் பசுமைப் பாதையாக விடுங்கள்" என்று திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொதுமக்கள் நடந்து பார்த்தார்கள், பேசினார்கள். பாதை தப்பியது.

புக்கிட் தீமா நிலையத்தில் தொடங்கி நாங்களும் நடந்தோம். பழைய இரும்புப் பாலம் அப்படியே நிற்கிறது. குழந்தை வண்டி தள்ளும் தாய், கோல் ஊன்றிய கிழவர், சைக்கிள் பையன்கள், எல்லோரும் ஒரே பாதையில் போகிறார்கள். குறையும் உண்டு. சில நுழைவாயில்களில் படிக்கட்டு! உள்ளே சமம், வாசலில் படி. அண்ணன் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்.

அந்த லைனில் உழைத்தவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்! 1932-ல் ரயில்வேத் தொழிலாளர்கள் லைனோரம் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரர், இன்று குவீன்ஸ்டவுனில் பெரிய கோயிலில் இருக்கிறார். சாமிக்கு இடம் கிடைத்தது, நல்லது. ஜல்லி கொட்டியவனுக்கு ஒரு பலகையாவது வேண்டாமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நியூயார்க் நகரில் உயரத்தில் ஓடிய சரக்கு ரயில் பாதையை ஹைலைன் என்று பூங்காவாக்கி 2009-ல் திறந்தார்கள். உலகமே மெச்சியது. சுற்றிலும் வாடகை ஏறியது. பக்கத்திலிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு அதனால் போதிய பலனில்லை என்று, அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே 2017-ல் ஒப்புக்கொண்டார். நம் நாட்டில் லைனோரம் இருப்பவர் யார்? குடிசைக்காரர்! ஊர் விட்டு ஊர் வந்த நம்மவரும் அதில் உண்டு. "பசுமை" என்று பலகை நட்டுவிட்டுக் குடிசையைப் பிடுங்கினால் அந்தப் பாதையில் நாங்கள் நடக்க மாட்டோம். மறியல்தான் செய்வோம்!

இனி நம் ஊர். பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் வந்தது 1880-களில், மீட்டர்கேஜாக. இன்று எல்லாம் பிராட்கேஜ். இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் ஹாசனுக்குப் போகும் லைனில் இன்றும் வண்டி ஓடுகிறது. குறுக்குவழி என்று அதன்மேல் யாரும் நடக்காதீர்கள், ஷிப்ட் முடிந்த களைப்பில் காது அடைத்திருக்கும். நாங்கள் கேட்பது ஓடும் லைனை அல்ல. பாதை மாற்றும்போது எங்கெங்கே பழைய மண்கரை துண்டாகக் கிடக்கிறதோ, அதை ஏலம் போடுமுன் நடைபாதைக்குக் கொடு என்கிறோம். வாசலிலும் படி வைக்காதே என்கிறோம். குடியிருப்பவருக்கு மாற்று இடம் கொடுக்காமல் கை வைக்காதே என்கிறோம். ஹெப்பாள் ஏரிக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே சக்கர வண்டி தடையில்லாமல் போக வழி செய் என்கிறோம். இது யாசகம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டுக் கெடு வைத்தது. கெடு தாண்டிவிட்டது. சாய்தளம் அப்படியே இருக்கிறது.

மனு அந்த மேசையில் இருக்கிறது. கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கன்னட மனுவில் முதல் கையெழுத்து கன்னடத் தோழர் ஒருவர் போட்டிருக்கிறார். தமிழ் மனுவில் முதல் இடத்தை அண்ணனுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். அவர் வண்டி இந்த மண்டபத்துப் படி ஏறாததால் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது மனுவை அங்கே எடுத்துப் போங்கள். நாங்களும் வருகிறோம்.