லிங்கன் எழுதாத கடிதமும் எழுதிய கடிதமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் வாழ்க்கை பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெயர்களை வாசிக்கவே பத்து நிமிடம் சரியாகிவிடும். அதனால் லிங்கனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவரிலும் ஒரே ஒரு கடிதம். அதற்கு முன்னால், அவர் எழுதாத கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம் என்று ஒன்று நம் பள்ளிகளில் சுவரில் தொங்கும். செப்டம்பர் 5 வந்தால் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி மனப்பாடமாகச் சொல்வாள். நானே பதினோரு ஆண்டுகள் சொல்ல வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், லிங்கனுக்கு எத்தனை பிள்ளைங்க? இது எந்தப் பையனோட வாத்தியாருக்கு எழுதினது? எந்த வருஷம்?" எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அன்று இரவு தேடினேன். மகன்கள் நான்கு பேர்: ராபர்ட், எட்வர்ட், வில்லி, டாட். எட்வர்டும் வில்லியும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். லிங்கன் எழுதியவற்றைத் திரட்டி 1953இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார்கள். ஓரிரு வரிக் குறிப்புச் சீட்டுகள்கூட அவற்றில் உண்டு. இந்தக் கடிதம் இல்லை. யாரோ பின்னாளில் எழுதி அவர் பெயரை ஏற்றிவிட்டார்கள். வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதையும் இதே போலத்தான். 1799இல் அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, வீம்ஸ் என்ற பாதிரியார் தம் புத்தகத்தில் சேர்த்தது. அதையும் நாம் நீதிபோதனை வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். பையன் விடவில்லை. "அப்போ நெசமாவே அவரு படிப்பைப் பத்தி எழுதினது ஒண்ணும் இல்லையா சார்?"

இருந்தது. 1860 ஜூலை 22ஆம் தேதியிட்டது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. லிங்கனின் மூத்த மகன் ராபர்ட் 1859இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதினார். பதினாறு பாடங்களில் பதினைந்தில் தேறவில்லை. இதைப் பிற்காலத்தில் ராபர்ட்டே சொல்லியிருக்கிறார். எக்ஸிடர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டு மறுபடி எழுதித் தேறினார். அப்போது கூடப் படித்த நண்பன் ஜார்ஜ் லாத்தம் தோற்றுப்போனான். ராபர்ட் இதை அப்பாவுக்கு எழுத, தகவல் கிடைத்த மறுநாளே லிங்கன் லாத்தமுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் அவர். தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. நாடு உடையுமா நிலைக்குமா என்ற பேச்சு எங்கும் நடக்கிறது. அப்போது உட்கார்ந்து, தன் மகனுமல்லாத, தேர்வில் தோற்ற ஒரு பையனுக்கு எழுதுகிறார். நீ தோற்றதைக் கேட்டு நான் பட்ட வேதனைக்கு மேல் வாழ்க்கையில் பட்டதில்லை என்கிற அளவுக்குச் சொல்கிறார். சோர்வு உன்னைத் தின்ன விடாதே என்று இரண்டு முறை சொல்கிறார். எளிதாகக் கல்லூரிக்குள் போனவர்களைவிட நீ நன்றாக வரமாட்டாய் என்பதற்கு இந்தத் தோல்வி சாட்சியல்ல என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இடையில் வரும் யோசனை: கல்லூரித் தலைவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், நேரில் போய்ப் பார், தடையைத் தாண்ட வழி சொல்வார் என்கிறார். இதை எழுதியவர் தாம் பள்ளிக்குப் போன நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு வராது என்று சொன்னவர்.

லாத்தம் கடைசியில் ஹார்வர்டில் சேரவில்லை, யேலுக்குப் போனார். கடிதம் அற்புதம் எதையும் செய்துவிடவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனவன். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது நான் தேர்ச்சி விழுக்காட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே "துணைத் தேர்வு இருக்குப்பா, எழுதிடு" என்றேன். எப்படி விண்ணப்பிப்பது, கடைசி நாள் எது, ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுதவில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன பொங்கலுக்கு ஊரில் பார்த்தேன். மரியாதையாக வணக்கம் வைத்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

இப்போது முடிவு வந்த அன்று மாலையே, தேறாதவர்களின் வீட்டுக்குக் கணக்கு ஆசிரியரும் நானும் வண்டியில் போகிறோம். போன ஆண்டு ஏழு பேர். இருவர் வீட்டில் இல்லை. ஐந்து பேர் துணைத் தேர்வு எழுதினார்கள், நான்கு பேர் தேறினார்கள். அந்த இருவரை மறுநாளும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

சுவரில் இருக்கும் பழைய கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். கழற்றவில்லை, அதில் உள்ளவை நல்ல கருத்துகள்தாம். கீழே "இது லிங்கன் எழுதியதல்ல" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் லாத்தமுக்கு எழுதிய கடிதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழாக்கி, கையால் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் உண்டு. தமிழ் அம்மா பார்த்துவிட்டார்கள், அடுத்த வாரம் மாற்றி எழுதித் தருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.