இது என்ன சாமான்?
(தோட்ட வாசிகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்தில் கிடக்கும் பழைய வேலைச் சாமான் ஏதாவது கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை இதைக் கொண்டு வந்தது. தட்டையான இரும்புத் தகடு, குட்டைப் பிடி. ரொட்டி திருப்புவது என்றான் ஒருவன். சாந்து பூசுவது என்றான் இன்னொருவன்.

பெயர் தெரியாவிட்டால் தேய்மானத்தைப் பாருங்கள் என்றேன். ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால், ஒரே பக்கமாக இழுத்து இழுத்துச் செய்த வேலை. பிடி குட்டை. ஆகவே, குனிந்தே செய்த வேலை.

அந்தப் பிள்ளையின் அம்மாயி வந்தார். கையில் வாங்கினார். சொல்லவில்லை, குந்தியிருந்து நிலத்தில் இழுத்துக் காட்டினார். சுரண்டி! புல்லுக்கு மருந்தடிக்கும் காலத்துக்கு முன்னர், கொந்தரப்புக்கு மலையைச் சுத்தமாக்கிய சாமான்.

"தேயிலை வேரில் படாமல் இழுக்கணும். ஆழமாகச் சுரண்டினால் மழைக்கு மண் போயிடும்" என்றார் அம்மாயி. சுரண்டியால் மேல்மண் கழுவுண்டு போனதை விவசாய ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அம்மாயிக்கு அது கைப்பழக்கத்திலேயே தெரிந்திருந்தது.

தோழர்களே, சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நம்முடையது தேர்ச்சி தேவையில்லாத வேலை என்கிறார்கள். இந்தத் தேய்ந்த மூலைதான் அதற்குப் பதில்.

பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டுங்கள். பெயரையும், செய்த வேலையையும், பிடித்த கையையும் எழுதி வையுங்கள். இரும்பு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். சொல்லித்தர அம்மாயிமார் இருக்கும்போதே கேட்போம்.